கோண எழுத்து தமிழுக்கு ஒட்டாதா?

மே 4 – கேள்வி

திருமங்கலத்தில் ஜிம் திறக்கப் போகிறோம். ஆங்கிலப் பெயரை ஆர்பிட்ரான் என்ற, விண்வெளிப் படத்து எழுத்து மாதிரி மூலைமூலையாக இருக்கும் ஃபான்ட்டில் போட்டாகிவிட்டது, கெத்தாக இருக்கிறது. அதற்குக் கீழே "ஆண்கள் பெண்கள் உடற்பயிற்சிக் கூடம்" என்று தமிழில் அடித்ததும் மொத்த போர்டும் ரேஷன் கடை மாதிரி ஆகிவிடுகிறது. தமிழ் வளைவான எழுத்து, இந்தக் கட்டம் போட்ட ஸ்டைல் அதற்கு ஒட்டவே ஒட்டாது என்கிறார் ஃபிளக்ஸ் கடை டிசைனர். அப்படித்தானா?

மே 4, இரவு

ஒட்டாது என்கிறவர் ஒட்ட வைத்துப் பார்த்தாரா என்று முதலில் கேளுங்கள். ஆர்பிட்ரானில் தமிழ் எழுத்தே கிடையாது. மேட் மெக்கினர்னி 2009-இல் வெளியிட்ட ஃபான்ட் அது, நான்கு தடிமனில் வரும், இலவசம், திறந்த உரிமம், எல்லாம் சரி. ஆனால் தமிழுக்கு அதில் இடமில்லை. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தமிழில் அடித்தால் கம்ப்யூட்டர் தன் போக்கில் வேறொரு ஃபான்ட்டைக் கொண்டுவந்து நிறுத்தும். விண்டோஸ் என்றால் நிர்மலா, கொஞ்சம் பழைய விண்டோஸ் என்றால் லதா. கடையில் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்திருந்தாலும் கதை அதேதான். அரசு சுற்றறிக்கைக்குப் போடுகிற எழுத்தை ஜிம் போர்டில் ஏற்றிவிட்டு, பழியைத் தமிழ் மேல் போடுகிறார்கள்.

நான் மதுரையில் ஸ்டிக்கர் கட்டிங்கும் போர்டு வேலையும் செய்கிறவன். இந்தக் கேள்வி வாரம் தவறாமல் கடைக்கு வரும். கேட்பது ஜிம், மொபைல் கடை, டிரோன் வைத்துக் கல்யாணம் எடுக்கிறவர்கள், புதிதாக சலூன் திறக்கிற தம்பிகள். நாளை உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன்.

மே 5

இந்தக் கோண எழுத்து எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். உங்கள் வீட்டில் செக் புத்தகம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். அடியில் வெள்ளைப் பட்டையில் விநோதமான எண்கள் இருக்கும், ஒரு இடம் மெலிந்து ஒரு இடம் திடீரென்று தடித்து. அது இ-13பி. காந்த மையில் அச்சாகும், அதன் மேல் ஓடுகிற கருவிக்கு ஒவ்வொரு எண்ணும் வேறு வேறு அலையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தடிப்பு. அழகுக்காக யாரும் வரையவில்லை. மொத்தமே 14 உருக்கள், பத்து எண்ணும் நாலு குறியும்தான், ஒரு எழுத்துகூடக் கிடையாது. அதைப் பார்த்து, இதில் ஆங்கில எழுத்து இருந்தால் எப்படி இருக்கும் என்று மற்றவர்கள் வரைந்த ஃபான்ட்டுகள்தான் அறுபதுகளுக்குப் பிறகு "கம்ப்யூட்டர் எழுத்து" என்று உலகம் முழுக்கப் பரவின.

இன்னொரு கிளை இத்தாலி. டூரின் நகரத்தில் நெபியோலோ என்ற எழுத்து வார்ப்பகம் இருந்தது. அங்கே அலெஸாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நோவரேஸேயும் 1952-இல் மைக்ரோகிராமா என்ற எழுத்தைச் செய்தார்கள், பெரிய எழுத்து மட்டும். பத்து வருஷம் கழித்து 1962-இல் நோவரேஸே சின்ன எழுத்தையும் சேர்த்து யூரோஸ்டைல் ஆக்கினார். வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை, பழைய டிவி திரையின் ஓரம் எப்படி இருக்குமோ அந்த உருவம். விண்வெளிப் படங்களில் கன்ட்ரோல் பேனல் மேல் பார்க்கிற எழுத்தில் பாதி அதுதான். ஆர்பிட்ரான் எல்லாம் அந்த வம்சத்தில் பிறந்த பேரப்பிள்ளை.

மூன்றாவது ஆள் விம் க்ரௌவெல், நெதர்லாந்துக்காரர், 1967. எனக்குப் பிடித்தவர் இவர்தான். அப்போது வந்த மின்னணு அச்சுக்கோப்பு இயந்திரங்கள் எழுத்தைப் புள்ளி புள்ளியாகத் திரையில் வரைந்தன, வளைவு வந்தால் படிக்கட்டாக உடைந்தது. சரி, இயந்திரத்துக்கு வளைவு வராது என்றால் வளைவே இல்லாமல் எழுதுவோம் என்று "நியூ ஆல்ஃபபெட்" செய்தார். படுக்கைக் கோடு, செங்குத்துக் கோடு, மூலையில் ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். எல்லா எழுத்தும் ஒரே அகலம். ஆங்கில எம் அந்த அகலத்துக்குள் அடங்காதே? என்-ஐப் போட்டு அடியில் ஒரு கோடு. படிக்க முடிகிறதா என்றால் முடியாது, அதை அவரே மறைக்கவில்லை, சோதனையாகத்தான் செய்தார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த ஸ்டைல் ஆங்கிலத்துக்கும் இயல்பாக ஒட்டியது இல்லை. வளைத்து, வெட்டி, சில எழுத்தைப் பலி கொடுத்து ஒட்ட வைத்தார்கள். தமிழுக்கு அந்த வேலையை இன்னும் போதுமான ஆட்கள் செய்யவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மே 5, பிற்பகல்

ஹிந்த் மதுரை, அரிமா மதுரை என்று ரெண்டு ஃபான்ட் இருக்கிறதே, அதைப் போடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெயரில்தான் மதுரை. ஹிந்த் பத்தி பத்தியாகப் படிக்க நல்ல சுத்தமான எழுத்து. அரிமா மூலையெல்லாம் மழுங்கி மென்மையாக இருக்கும், வளைகாப்பு பத்திரிகைக்கு அருமை. ஜிம்முக்கு வேண்டாம்.

மே 7

இப்போது எழுத்து எழுத்தாக வருகிறேன். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

"தமிழ் வளைவான எழுத்து" என்பது பாதி உண்மை. ட-வைப் பாருங்கள். ஒரு செங்குத்து, ஒரு படுக்கை, முடிந்தது. க்ரௌவெல் பார்த்திருந்தால் கட்டிப் பிடித்திருப்பார். ப, ம, ய, ங, ச, ஈ எல்லாமே மூலை உள்ளவை. உங்கள் "உடற்பயிற்சி"யைப் பிரித்துப் பாருங்கள்: ட, ப, ய, ச என்று பாதிக்கு மேல் கட்டத்துக்குள் தானாக உட்காருகிற எழுத்துகள். லாட்டரி அடித்திருக்கிறது உங்களுக்கு. "மணப்பெண் அலங்காரம்" என்று போர்டு கேட்டிருந்தால் நான் இந்த நேரம் பதில் போடாமல் ஓடியிருப்பேன்.

சிக்கல் வளைவில் இல்லை, சுழியில். ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று ஒண்ணாம் வகுப்பிலேயே எண்ணச் சொல்லிக் கொடுத்த எழுத்து நம்முடையது. எண்ணிக்கை மாறினால் எழுத்தே மாறிவிடும். ஆங்கில ஓ-வைச் சதுரமாக்கினால் அது சதுர ஓ, யாரும் குழம்ப மாட்டார்கள், அதிகபட்சம் பூஜ்யமா என்று ஒரு நொடி யோசிப்பார்கள். ண-வைச் சதுரமாக்கினால் மூன்று சின்னப் பெட்டிகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கும். தடிமனைக் கூட்டினால் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளை அடைந்துபோகும், தூரத்திலிருந்து பார்த்தால் ண-வா ன-வா என்று தெரியாது. உங்கள் போர்டில் "ஆண்கள் பெண்கள்" என்று ரெண்டு ண் இருக்கிறது, ரெண்டும் தலையில் புள்ளியோடு. கண்டம் அங்கேதான்.

அடுத்தது காலும் ர-வும். ர-வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலான ஃபான்ட்டுகளில் அடியில் இருக்கும் அந்தச் சாய்ந்த வால் மட்டும்தான். சாய்கோடு கூடாது என்று சட்டம் போட்டுக்கொண்டு வாலை நறுக்கினால் "கார்" என்ற சொல்லில் க-வுக்குப் பிறகு ரெண்டு கால் நிற்கும், ஒன்றின் தலையில் புள்ளி. நல்லவேளை உங்கள் போர்டில் ர இல்லை.

ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு அதே ரகம். நம் மதுரை மிஷனில் இருந்த வீரமாமுனிவர் செய்த மாற்றம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள், ஏ, ஓ நெடிலுக்குத் தனி அடையாளம். கொம்பின் தலையில் ஒரு சுழி கூடுதல். மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் இரும்பு எழுத்தாணிக்குச் சுலபமாக இருந்த அந்தச் சுழி, இன்று சதுரக் கட்டத்தில் நாலு மூலையைக் கேட்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மட்டும் போட்டால் தலையும் காலும் ஒரே மட்டம், செங்கல் அடுக்கிய மாதிரி வரும். ஆர்பிட்ரானின் கெத்தில் பாதி அதுதான். தமிழில் கி, சி எல்லாம் மேலே கூரை போடும், கூ, மு, ழ எல்லாம் கீழே இறங்கும். அந்தக் கூரையை, அதாவது விசிறியை, எழுத்தின் உயரத்துக்குள்ளேயே மடித்துவிடலாம், சிலர் செய்திருக்கிறார்கள், ஒரே ஒரு சொல்லுக்கு என்றால் அழகாகத்தான் இருக்கும். நீளமாக எழுதினால் மூச்சு முட்டும்.

மே 7, இரவு

1978 எழுத்துச் சீர்திருத்தம் வராமல் இருந்திருந்தால் பழைய ணை, னை, லை எல்லாம் யானைத் துதிக்கையோடு இருந்திருக்கும், அதை எப்படிச் சதுரமாக்குவது என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. துதிக்கையைக் கட்டத்தில் மடித்தால் ரோபோ யானை வரும். வரைந்து பார்த்தால் எனக்கும் அனுப்புங்கள்.

மே 8

ஓலை வாதம் வந்துவிட்டது, வரும் என்று தெரியும். "பனை ஓலையில் நேர்கோடு போட்டால் நார் கிழியும், அதனால் தமிழ் வளைந்தது, ஆகவே கோண எழுத்து தமிழுக்கு அந்நியம்" என்று எழுதியிருக்கும் நண்பரே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு மேலூர் பக்கம் மாங்குளம், மீனாட்சிபுரம் மலைக்குப் போய் வாருங்கள். அரிட்டாபட்டிக்குப் பக்கம்தான். சமணர்களுக்குக் குகையில் படுக்கை வெட்டிக் கொடுத்ததைச் சொல்லும் தமிழ்-பிராமி கல்வெட்டு அங்கே இருக்கிறது. நெடுஞ்செழியன் பெயர் வரும், கணி நந்தன் என்ற துறவியின் பெயர் வரும். ராபர்ட் சீவெல் 1882-இல் கண்டுபிடித்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. அதில் க என்பது கூட்டல் குறி. ர ஒரே ஒரு செங்குத்துக் கோடு. ந தலைகீழ் ஆங்கில T. அறிவியல் புனைகதைக்கு அட்டை போட அதைவிடக் கோணமான எழுத்து வேண்டுமா?

அதற்காக எல்லாமே நேர்கோடு என்று சொல்ல வரவில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்தக் காலத்து ட அரைவட்டம்! இன்று நம்மிடம் இருப்பதிலேயே மூலை கூடிய எழுத்து ட, அன்று வளைந்து கிடந்தது; அன்று சிலுவைபோல் நின்ற க இன்று சுழித்துக்கொண்டு நிற்கிறது. ஓலை மட்டும்தான் காரணம் என்றால் ட எந்தத் தைரியத்தில் ஓலை மேல் நேராகப் படுத்தது?

ஊருக்கு மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனால் வேறு உலகம். அங்கே தீர்த்தங்கரர் சிற்பங்களுக்கு அடியில் இருப்பது வட்டெழுத்து, 9, 10-ஆம் நூற்றாண்டு. அதுவும் கல்தான், அதுவும் உளிதான், ஆனால் எழுத்து வளைந்து வளைந்து ஓடுகிறது. அப்படியானால் எதன் மேல் எழுதுகிறோமோ அந்தப் பொருள்தான் எழுத்தின் உருவத்தை முடிவு செய்கிறது என்ற வாதமும் முழுசாக நிற்காது. கை எதில் எழுதிப் பழகியதோ அதைக் கல்லிலும் கொண்டுபோகிறது. இந்த இழையை இதற்கு மேல் தொல்லியல் வகுப்பாக்க விரும்பவில்லை. ஒரே நகரத்தின் இரண்டு பக்கத்தில் இரண்டும் இருக்கின்றன, எது தமிழ் எது அந்நியம் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

மே 9

இல்லை நண்பரே, ஜிம் போர்டைத் தமிழ்-பிராமியில் எழுதச் சொல்லவில்லை. ஆனால் முடியும். பிராமிக்கு 2010-இலேயே யூனிகோடில் இடம் கொடுத்துவிட்டார்கள். மெம்பர்ஷிப் எவ்வளவு என்று படிக்கத்தான் கல்வெட்டு ஆய்வாளரைக் கூப்பிட வேண்டும்.

மே 11

டிசைன் பேச்சு போதும், வெட்டுகிற பக்கத்துக்கு வருவோம். ஏனென்றால் கம்ப்யூட்டரில் கூர்மையாகத் தெரிகிற மூலை போர்டில் அப்படியே வராது, இதைச் சொல்லாமல் பணம் வாங்குகிற கடைகள் நிறைய.

வினைல் ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டரில் இருப்பது இழுபடுகிற கத்தி. கத்தியின் நுனி அச்சின் நடுவில் இருக்காது, கால் மில்லிமீட்டர் மாதிரி பின்னால் தள்ளி இருக்கும், வண்டிச் சக்கரம் இழுத்த பக்கம் திரும்புவதுபோலத் திரும்பிக்கொண்டே வரும். வளைவில் அது தானாக வழுக்கிக்கொண்டு போகும். மூலையில்தான் நின்று, சுழன்று, மறுபடி கிளம்ப வேண்டும். அந்த அளவை மெஷினில் சரியாகக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு மூலையும் சின்னதாக மழுங்கும் அல்லது கொக்கி விழும். கத்தி பழசாக இருந்தால் மூலை கிழியும். பிறகு வேண்டாத வினைலை உரிக்கும்போது கூர் மூலைதான் முதலில் தூக்கிக்கொண்டு கூடவே வரும். ஒட்டிய பிறகும் அப்படித்தான், பங்குனி, சித்திரை வெயிலில் மதுரையில் நிற்கிற வண்டியில் ஸ்டிக்கர் எங்கே சுருளத் தொடங்குகிறது என்று பாருங்கள், மூலையில்.

அக்ரிலிக்கையோ ஏசிபி ஷீட்டையோ (போர்டுக்குப் போடுகிற அலுமினியத் தகடு ஒட்டிய பலகை) கம்ப்யூட்டர் ஓட்டுகிற சிஎன்சி ரவுட்டரில் வெட்டினால் இன்னொரு கதை. சுழன்று வெட்டுகிற பிட் உருளை வடிவம். 3 மி.மீ. பிட் என்றால் உள்மூலை எவ்வளவு முயன்றாலும் 1.5 மி.மீ. ஆரத்தில் வளைந்துதான் நிற்கும். வெளிமூலை கூர், உள்மூலை வளைவு. பெரிய எழுத்தில் கண்ணுக்குத் தெரியாது. ண-வின் பெட்டிக்குள் பளிச்சென்று தெரியும். அக்ரிலிக்கை லேசரில் வெட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

எல்இடி வைத்த பெட்டி எழுத்துக்குத்தான் கோணம் வரப்பிரசாதம். தகட்டை மடிப்பது சுலபம், சுழியாக வளைப்பது கஷ்டம். ட, ப, ம எல்லாம் மடித்து மடித்து முடித்துவிடலாம். நியான் ஸ்ட்ரிப் என்றால் தலைகீழ்: அது வளையும், மடியாது, ஒவ்வொரு மூலையிலும் வெட்டி ஒயர் இணைக்க வேண்டும். எனவே ஃபான்ட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் போர்டு எதில் செய்யப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். இதை ஒருவரும் இந்த வரிசையில் செய்வதில்லை.

மே 12

காதணி விழா ஃபிளக்ஸில் குழந்தை பெயரை ரோபோ எழுத்தில் போட்டிருந்ததைப் பற்றி எழுதியவருக்கு: அவனியாபுரம் பக்கம் நானும் அப்படி ஒன்று பார்த்தேன். தாய்மாமன்கள் படம் வரிசையாக, எல்லாருக்கும் கூலிங் கிளாஸ், மேலே குரோம் பூசிய கோண எழுத்து, பின்னால் மின்னல். எனக்குப் பிடித்திருந்தது, சொல்லிவிடுகிறேன். அந்த எழுத்துக்குத் தேவையான அளவு, இடைவெளி, வெளிக்கோடு எல்லாம் அதில் சரியாக இருந்தது.

மே 15

பேச்சு நம்பர் பிளேட் பக்கம் போய்விட்டது, போகட்டும். பைக் நம்பரை ஆர்பிட்ரான் மாதிரி வெட்டித் தரச் சொல்லி இன்னமும் பசங்க வருகிறார்கள். முடியாது. மோட்டார் வாகன விதிப்படி எழுத்து ஆங்கிலம், எண் சாதாரண எண், அலங்கார எழுத்துக்கு இடமில்லை. கார் மாதிரியான வண்டிக்கு உயரம் 65 மி.மீ., தடிமன் 10, இடைவெளி 10 என்று அளவே போட்டிருக்கிறது. 2019 ஏப்ரல் 1-லிருந்து புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு பிளேட்டோடுதான் டெலிவரி, அதில் கை வைக்கவே முடியாது.

சட்டத்தை விடுங்கள், காரணம் நியாயமானது. சதுர எழுத்தில் 8-உம் B-யும், 5-உம் S-உம், D-யும் O-வும் 0-வும் ஒன்றையொன்று தின்னும். ஓடுகிற வண்டியின் நம்பரை ஒருவர் ஒரு நொடியில் படித்தாக வேண்டும். பெயர், சாமி பெயர், அப்பா அம்மா பெயர் எல்லாம் வைசரில் எந்த எழுத்தில் வேண்டுமானாலும் வெட்டித் தருகிறேன்.

மே 19

மே 7-இல் சுழியைப் பற்றி எழுதியதை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. இடையில் இந்த ஜிம் சொற்களை மட்டும் இன்க்ஸ்கேப் என்ற வரைகிற சாஃப்ட்வேரில் வரைந்து பார்த்தேன். முழு ஃபான்ட் செய்ய எனக்கு நேரமும் இல்லை, திராணியும் இல்லை: உகர, ஊகாரம் மட்டும் பதினெட்டு மெய்க்கு முப்பத்தாறு தனித்தனி உரு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வால் விடும். ஒரு போர்டுக்கு வேண்டிய எழுத்து மட்டும் என்றால் ஒரு டஜனுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில், ஒரே அகலத்தில் போட்டேன், க்ரௌவெல் வழியில். பார்க்கப் பிரமாதம், படிக்கத்தான் முடியவில்லை. ண ஒடுங்கிப் போயிற்று, ட-வுக்குப் பக்கத்தில் மைதானம் மாதிரி வெற்றிடம். பிறகு அகலத்தை எழுத்தின் விருப்பத்துக்கு விட்டேன்: ட ஒடுக்கம், ண ட-வைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. உடனே மூச்சு வந்தது. ஆர்பிட்ரானே அகலமான எழுத்துதான், அதன் கீழே அகலமான ண நிற்பது உறுத்தவில்லை.

அடுத்த முடிவு: வெளிச்சுவர் சதுரம், உள்சுழி வளைவு. எழுத்தின் வெளி எல்லையை மட்டும் மூலையாக்கி, மூலையை 45 டிகிரியில் சின்னதாகச் சீவிவிட்டு, உள்ளே இருக்கும் சுழிகளை நீள்வட்டமாக விட்டேன். இது கொள்கைக்கு விரோதம் என்று டிசைன் படித்த நண்பர் ஒருவர் திட்டினார். திட்டட்டும். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் கண் எடுத்துக்கொள்வது வெளிச்சுவரைத்தான், கோண எழுத்து என்ற எண்ணம் அங்கேயே வந்துவிடுகிறது; உள்ளே இருக்கும் சுழி எண்ணிப் படிப்பதற்கு. நோவரேஸேயும் சதுரத்தை முழுச் சதுரமாக விடவில்லை என்பது ஞாபகம் இருக்கட்டும்.

புள்ளிக்குச் சதுரம் போடவில்லை, சாய்சதுரமும் போடவில்லை. ஆங்கில ஹைஃபன் மாதிரி ஒரு குட்டிப் படுக்கைக் கோடு. எழுத்துக்கும் அதற்கும் இடையில் நல்ல இடைவெளி. ற்-இல் அது கொஞ்சம் வினோதமாக இருக்கிறது, மற்ற இடத்தில் கச்சிதம்.

மே 20

படத்தைப் பொதுவில் போடச் சொல்கிறார்கள். கேட்டவரின் போர்டு முதலில் ஏறட்டும்.

சொந்தமாக வரைய முடியாதவர்களுக்கு: அனெக் தமிழ் என்று எக் டைப் என்ற ஃபான்ட் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஃபான்ட் இருக்கிறது, இலவசம். அதில் அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம். மிக அகலமான நிலையில், தடித்த எழுத்தாக, ஆர்பிட்ரானுக்குக் கீழே வையுங்கள். கோணம் வராது, ஆனால் ரெண்டும் ஒரே உடம்புவாகு. பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும். ஃபோட்டோஷாப்பில் ஒல்லியான ஃபான்ட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள், செங்குத்துக் கோடு தடித்துப் படுக்கைக் கோடு அப்படியே நிற்கும், எழுத்து கோணிக்கொண்டு போகும்.

மே 27

கேட்டவர் கடைக்கு வந்திருந்தார். ஏசிபி பின்னணி, அக்ரிலிக் எழுத்து, லேசர் வெட்டு. தமிழ் வரியின் உயரம் பற்றி மட்டும் இழுபறி. ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் அதில் மூன்றில் ஒரு பங்காகவும் அவர் கேட்டார். பத்து அடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்து என்பது போர்டுக்காரர்கள் கணக்கு, அதுவும் ட, ப மாதிரி அடிப்படை எழுத்தின் உயரம், விசிறியும் வாலும் சேர்க்காமல். எதிர்ப்பக்கம் அறுபது அடி என்றால் ஆறு அங்குலம். அவர் கேட்ட அளவில் நாலுகூட வராது, சுழி அடைந்துவிடும். கடைசியில் "ஆண்கள் பெண்கள்" என்பதைப் போர்டிலிருந்து எடுத்து ஷட்டருக்கு மாற்றிவிட்டோம். மேலே "உடற்பயிற்சிக் கூடம்" மட்டும், ஏழு அங்குலத்தில். கூ-வின் வாலுக்காகக் கீழே ரெண்டு அங்குலம் கூடுதல் ஷீட். அதற்கான காசைத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.